ஓர்சாட்டின் எட்டாவது வழக்கு

மூன்றே வரிகளில்தான் கிடைத்தாய் எனக்கு.
துப்ரோவ்னிக் ஆவணக் காப்பகம்,
ஈரம் தின்ற தோலட்டைப் பேரேடு.
கப்பலில் வருவோரை நாற்பது நாள் அடைத்துவைக்கும்
முற்றத்தின் மருத்துவர் ஓர்சாட்டுக்கு
ஆண்டுச் சம்பளம், பாதி காசு, பாதி உப்பு.
இரவில் அனுமதியின்றி மதில் தாண்டியதற்கு
இரண்டு பெர்ப்பர் அபராதம்.
பிறகு, இறந்தார்.

நடுவரி போதுமாயிருந்தது.
மதில் ஏறியவன் சும்மாவா ஏறியிருப்பான்?
மதிலுக்கு அந்தப் பக்கம்
ஒரு பிணத்தைக் கிடத்தி வைத்தேன் உனக்காக.

ஏழு நாவல்கள்.
ஒரு காலை நொண்டியாக்கினேன்.
காடியில் நனைத்த துணி கொடுத்தேன் மூக்குக்கு.
உனக்கு அத்திப்பழம் ஆகாது
(எனக்கு ஆகாது, அதனால்).
வெனிஸ் தூதனின் மோதிரத்தில் நஞ்சை மோந்தாய்,
மணி அடிக்கத் தாமதமான ஒரு கணத்தைப் பிடித்து
பாதிரியைத் தூக்குமேடைக்கு அனுப்பினாய்.
கோடையில் கப்பலிலிருந்து இறங்குகிறவர்கள்
என் புத்தகமும் கையுமாய் உன் ஜன்னலைத் தேடுகிறார்கள்.
வழிகாட்டி தேஷா ஏதோ ஒரு ஜன்னலைக் காட்டுகிறாள்.
அதன் கீழே தூங்கும் பூனைகள் மட்டும் நிஜம்.

பிப்ரவரியில்,
போரா காற்று கூரை ஓடுகளைப் பிடுங்கிய நாளில்
காப்பகத்து லுக்ஷா தொலைபேசினான்:
உன் ஆள் இன்னொரு வரி எழுதியிருக்கிறான்.
நீயே வந்து படி.

வேறொரு கட்டு.
உப்பு வணிகன் ஃப்ரானோ, வயது முப்பத்தொன்று,
நான்காம் அறையில் மரணம்.
காரணம்: காய்ச்சல்.
கையெழுத்து உன்னுடையது.
அடுத்த தாளில் பிணம் குளிப்பாட்டும் ஸ்தானா.
அவளுக்கு எழுதத் தெரியாது, எவனோ கேட்டு எழுதியது:
கழுத்தைச் சுற்றிக் கயிற்றுத் தடம் இருந்தது.
மருத்துவரும் பார்த்தார்.
பார்த்துவிட்டுப் போர்வையை மேலே இழுத்துவிட்டார்.

என் துப்பறிவாளனே,
நான் கொடுக்காமல் தானாக உன்னிடம் வந்த
ஒரே வழக்கு.
அதில் போய் இப்படித்
துப்புக்கெட்டு நின்றிருக்கிறாயே.

தேதியைப் பார்த்தேன்.
நீ மதில் ஏறியது அதற்கு மறுநாள் இரவு.
பணம் வாங்கப் போயிருப்பான் என்றான் லுக்ஷா.
யாரிடமாவது சொல்லப் போயிருப்பான் என்றேன் நான்.
ஒரு பெண்ணிடம் போயிருக்கலாம் என்று
இருவருக்கும் தோன்றியது, இருவரும் சொல்லவில்லை.

காய்ச்சல் என்ற சொல்லுக்கு முன்னால்
துவரம்பருப்பு அளவில் ஒரு மசித்துளி.
இதோ, பேனா தயங்கி நின்ற இடம் என்றேன்,
குரல் உடைந்துவிட்டது எனக்கு.
மட்டமான பேனா, எங்கும் ஒழுகும் என்றான்.
நாற்பது பக்கம் புரட்டினேன்.
முப்பதில் ஒழுகியிருந்தது.

இலையுதிர் காலத்துக்குள் எட்டாவது வேண்டும்,
ஓர்சாட் கண்டுபிடித்தாக வேண்டும், எங்களுக்கு அது போதும்
என்கிறார் பதிப்பாளர்.
சமையலறை மேசையில் மீன் வாடை போகுமுன்பே
உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன்.

நான்காம் அறை. விளக்கு ஒன்று.
குனிகிறாய், பார்க்கிறாய்,
போர்வையை மேலே இழுக்கிறாய்.
வாளியைக் கீழே வைத்துவிட்டு
முழங்கை வரை ஈரமாய் நிமிர்கிறாள் ஸ்தானா.
ஏழு புத்தகங்களாக எல்லாரிடமும்
நீ கேட்ட அதே கேள்வியை
அவசரமில்லாமல் உன்னிடம் கேட்கிறாள்:
நேற்று இரவு எங்கே இருந்தீர்கள், ஐயா?

நான் கொடுத்த துணியால்
மூக்கை மூடிக்கொள்கிறாய்.